இழுங்க என்றால் எவ்வளவு மெதுவாக?

நான் வரைந்து கொடுத்த தாளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அந்த அம்மா இன்ஹேலரை வாயில் வைத்து ஊதினார். இழுக்கவில்லை. பலூனுக்குக் காற்று அடிப்பதுபோல நன்றாக ஊதினார், கூடவே குப்பியையும் அழுத்தினார். பழகுவதற்கென்று வைத்திருக்கும் மருந்தில்லாத குப்பிதான், பிழைத்தோம். உள்ளே போக வேண்டிய புகை எங்கள் இருவருக்கும் நடுவில் கலைந்துபோனது.

“அம்மா, ஊதக் கூடாது. இழுக்கணும்.”

“படத்துல ஊதத்தானே தம்பி போட்டிருக்கு?”

தாளைத் திருப்பி என்னிடமே காட்டினார். அவர் சொன்னது சரிதான். என் கணினித் திரையில் மூச்சை இழுக்கும் அம்புக்குறி நீலம், விடும் அம்புக்குறி சிவப்பு. பார்த்ததும் புரியும் என்று பெருமைப்பட்டிருந்தேன். ஆனால் அவர் கையில் இருந்தது ஜெராக்ஸ். நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. நிறம்தான் சொல்லிவிடுமே என்று நினைத்து அம்பின் தலையைச் சின்னதாக வரைந்திருந்தேன். நகல் எடுத்ததில் அந்தத் தலையும் மழுங்கிவிட்டது. மிச்சம் இருந்தது வாய், அதற்கு முன்னால் ஒரு கோடு. பார்க்கிறவருக்கு அது ஊதுகிற மாதிரிதான் தெரியும்.

“கீழே ‘உள்ளிழுக்கவும்’னு எழுதியிருக்கே, அம்மா?”

“அதையும் படிச்சேன். எழுத்துல பிழை வரும். படம் பாத்துப் போட்டதாச்சே, அது தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்.”

கையேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். இயந்திரம் ஒன்றை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன். ஒரு மருத்துவமனை, ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலர் பிடிக்கும் முறையை ஒரே தாளில் தரச் சொன்னபோது ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் சொல், படம், குரல், கையசைவு ஆகியவை ஒன்றோடொன்று எப்படி ஒத்துழைக்கின்றன, எங்கே சண்டை போடுகின்றன என்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூடியைக் கழற்ற வேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மூச்சை வெளியே விட்டுவிட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுகக் கவ்விக்கொள்ள வேண்டும். மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே குப்பியை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் இழுப்பதை நிறுத்தக் கூடாது. நெஞ்சு நிறைந்ததும் 10 நொடி, முடியாவிட்டால் முடிந்த மட்டும், அடக்கிவைத்துப் பிறகு விட வேண்டும். கேட்கும்போது சுலபம். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தி அழுத்தினாலும் பிந்தி அழுத்தினாலும் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

என் முதல் தாளில் படமே கிடையாது. பதினொரு வரிகள், எண் போட்டு, தெளிவான தமிழில். ஆறாவது வரி: ‘மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கவும்.’ ஏழாவது வரி: ‘அதே நேரத்தில் குப்பியை அழுத்தவும்.’ படித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆறை முடித்தார்கள். தாளைப் பார்த்தார்கள். பிறகு ஏழைச் செய்தார்கள். மூச்சு முழுக்க உள்ளே போன பிறகு குப்பியை அழுத்தினால் என்ன பயன்? ஏழாவது வரியிலேயே ‘அதே நேரத்தில்’ என்று இருக்கிறதே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையதுதான். எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். அதற்கு மேல் 6, 7 என்று எண்ணும் போட்டுவிட்டு, ‘அதே நேரத்தில்’ என்று ஒரு சொல்லால் அதை மறுத்தால் யார் கேட்பார்கள்? எண்ணும் ஒரு மொழிதான். என் சொல்லும் என் எண்ணும் எதிரெதிராகப் பேசின, எண் ஜெயித்தது.

இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டேன். ஒரே படத்தில் விரல் அழுத்துவதையும் மூச்சு உள்ளே போவதையும் சேர்த்து வரைந்தேன். ஒரே சமயத்தில் நடப்பதைக் காட்டுவது படத்துக்குச் சுபாவம், இது உடனே பலித்தது. யார் முந்தி, யார் பிந்தி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்து. எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டிய இடத்தில் படம். இப்போது எந்தக் கையேடு எழுதினாலும் முதலில் இதைத்தான் பிரித்துக்கொள்கிறேன்.

படம் வந்த பிறகுதான் மேலே சொன்ன ஜெராக்ஸ் கூத்து. அதே தாளில் இன்னொன்றும் நடந்தது. தவறான முறையைக் காட்டி அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன்: தலையைக் கீழே குனிந்தபடி இன்ஹேலர் பிடிக்கும் ஆள். அதைப் பார்த்து இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள்! உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் கண் முதலில் படத்தில் தேடுகிறது. மெல்லிய கோட்டில் போட்ட பெருக்கல் குறி அப்புறம்தான் கண்ணில் படுகிறது, சிலருக்குப் படுவதே இல்லை. ‘கூடாது’ என்று சொல்வது வாய்க்குச் சுலபம். படத்துக்கு அந்தச் சொல்லே தெரியாது, எதை வரைந்தாலும் ‘இதோ இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அன்றிலிருந்து தவறான முறையை நான் வரைவதில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் சொல்கிறேன்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964-இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளம்பரப் படத்தையும் அதில் உள்ள எழுத்தையும் வைத்து இதைப் பேசியிருக்கிறார். படத்துக்குப் பல பொருள் வரும், அதில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்து நங்கூரம் போட்டு நிறுத்துகிறது என்பார். நல்ல உவமை. ஆனால் நங்கூரம் கப்பலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமே! என் தாளில் படங்கள் மேலே வரிசையாக, எழுத்து கீழே தனியாக. கண் மேலும் கீழும் அலைந்து களைத்து, படத்தோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் உள்ளேயே, அந்தச் செயல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓரிரு சொல் எழுதினேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் ‘நிறுத்து, 10 எண்ணு’. விரலுக்குப் பக்கத்தில் ‘ஒருமுறை’. இடம்கூடப் பேசும் என்று அப்போதுதான் உறைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. ‘மெதுவாக.’ இந்தச் சொல்லை எல்லோரும் படித்தார்கள், எல்லோருக்கும் பொருள் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் இழுத்தார்கள். பதற்றத்தில் இருக்கும் ஆளுக்கு ஒரு நொடியே மெதுவாகத்தான் தெரியும்.

தீர்த்துவைத்தது அங்கிருந்த சிஸ்டர். மூச்சுத் திணறி வருகிறவர்களுக்குத் தினமும் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். ஒருநாள் ஓரமாக நின்று அவரைக் கவனித்தேன். “இழுங்க” என்று சொல்லும்போது அவருடைய வலது கை வயிற்றுப் பக்கத்திலிருந்து நெஞ்சு வரை தண்ணீருக்குள் எழும்புவதுபோல மெல்ல எழுந்தது. “இழு...ங்...க” என்று சொல்லும் குரலும் அந்தக் கை நிற்கும் வரை நீண்டது. கை பாதி தூரம்கூட வரவில்லை, இடது கையின் ஆள்காட்டி விரல் ‘அழுத்துங்க’ என்று மடங்கியது. அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லவே இல்லை, வாய்தான் ‘இழுங்க’வில் இருக்கிறதே. பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கினார். பத்து விரல், பத்து நொடி. எதிரே இருந்தவர் அச்சுப் பிசகாமல் செய்தார். அவருக்குத் தமிழ் சரளமாக வராது என்று பிறகு தெரிந்தது.

‘இழு’ என்ற சொல் எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னது. நீண்ட குரல் எவ்வளவு நேரம் என்று சொன்னது. கை எவ்வளவு வேகம் என்று சொன்னது. விரல் எப்போது என்று சொன்னது. நான்கும் நான்கு தகவல், ஒன்று மற்றொன்றைத் திருப்பிச் சொல்லவில்லை. நான் பதினொரு வரியில் திணறியதை அவர் ஒரே மூச்சில், உண்மையாகவே ஒரே மூச்சில், முடித்துவிட்டார்.

சரி, வீடியோதான் வழி என்று முடிவெடுத்தோம். இதை விளக்க நடந்த கூட்டத்தில் ஒருவர், “பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான்” என்று எடுத்துவிட்டார். பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி அடிபடும் கணக்கு இது. மூலம் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டும், முகப் படங்களைக் காட்டியும், பேசியவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்று பார்த்தார். உணர்ச்சியும் சொல்லும் ஒத்துப்போகாத இடத்துக்கான கணக்கு அது, எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 93 சதவீதம் உண்மையானால் நான் காமிராவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாலே ஜனங்கள் இன்ஹேலர் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நம்மிடம் மெய்ப்பாட்டுக்கென்றே தொல்காப்பியத்தில் ஓர் இயல் இருக்கிறது, நகை அழுகை தொடங்கி எட்டு. உள்ளத்தில் இருப்பதை உடம்பு காட்டிக்கொடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். குலுக்கிவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்பதை எந்த மெய்ப்பாடு காட்டும்?

வீடியோ எடுத்தோம். சிஸ்டரின் கைகள், என் பின்னணிக் குரல். ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்: எழுதிவைத்ததைப் படிக்கும் அவசரத்தில் ‘மெதுவாக இழுக்கவும்’ என்பதை ஒரே நொடியில் சொல்லியிருக்கிறேன். முதலில் பார்த்தவர்கள் என் குரலின் வேகத்தில் இழுத்தார்கள், கையின் வேகத்தில் அல்ல. மறுபடி பதிவு செய்தேன். இந்த முறை நானும் மூச்சை இழுத்து, அந்தச் சத்தத்தை அப்படியே விட்டேன். சொல்லைவிட அந்த ‘ஸ்ஸ்’ நிறையச் சொன்னது.

அடுத்தது ஒத்திசைவு. குப்பியின் ‘புஸ்’ சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்து சேர்த்ததில் அது விரல் அழுத்துவதற்கு ஒரு கண நேரம் முந்திவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எங்கேயோ உறுத்தியது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது ஒளிபரப்புக்கான உலகத் தரநிலை ஒன்று கிடைத்தது, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்டது. ஒலி படத்தை 45 மில்லி நொடி அளவு முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரியாது என்கிறது. காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. மின்னல் முன்னால், இடி பின்னால். ஒலி தாமதமாக வருவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், முந்தி வருவதை யாரும் பார்த்ததே இல்லை. வீட்டில் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகமாக இருந்தால் சத்தத்தைத் துளி பின்னால் தள்ளிவிடுங்கள். முன்னால் மட்டும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய சோதனையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. திரையில் உதடு ‘கா’ என்று அசைகிறது, ஒலிபெருக்கியில் ‘பா’ என்று கேட்கிறது. பார்த்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் ‘டா’ என்று கேட்டதாகச் சொன்னார்கள். கண்ணுக்கு வந்ததும் இல்லை, காதுக்கு வந்ததும் இல்லை, மூன்றாவதாக ஒன்று! (இதைத் தமிழில் எழுதும்போதே ஒன்று தொலைகிறது, பாருங்கள். ‘தங்கம்’ என்பதில் வரும் க, ‘தம்பி’யில் வரும் ப, ‘வண்டி’யில் வரும் ட என்று படிக்க வேண்டும். எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது, வாய்தான் காட்டும்.) முதல் தாளில் எண்ணும் சொல்லும் மோதியபோது எண் ஜெயித்தது என்றேன். எப்போதும் யாரோ ஒருவர் ஜெயிப்பார் என்றில்லை. சில சமயம் இரண்டும் கலந்து, நாம் சொல்லவே சொல்லாத ஒன்றைப் பார்க்கிறவர் புரிந்துகொண்டுவிடுவார். ஊதுவதுபோல் தெரிந்த படம், ‘இழுக்கவும்’ என்ற எழுத்து, இரண்டையும் சமாதானப்படுத்தி ஒருவர் முதலில் ஊதிவிட்டுப் பிறகு இழுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

திரையில் நான் பேசுவதையெல்லாம் வரிக்கு வரி எழுத்தாகவும் ஓடவிட்டிருந்தோம். உதவியாக இருக்கும் என்ற நல்லெண்ணம். விளைவு, எல்லோரும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள், சிஸ்டரின் கையை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் பற்றி நிறையச் சோதனைகள் செய்தவர். படமும் குரலும் இருக்கும்போது அதே சொற்களைத் திரையில் எழுத்தாகவும் போட்டால் பெரும்பாலும் கற்பது குறைகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்துவிடுகிறோம். எழுத்தை எடுத்துவிட்டு ‘மெதுவாக’, ‘இப்போது அழுத்து’ என்ற இரண்டை மட்டும், கைக்குப் பக்கத்தில், அந்தக் கணத்தில் மட்டும் வைத்தேன். காது கேளாதவர்களுக்கும், சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்கும் முழு வரிகள் தேவைதான். அதனால் வேண்டும்போது போட்டுக்கொள்ளும் சப்டைட்டிலாகத் தனியே வைத்தோம். பின்னணி இசை? அதை எடுத்ததற்கு யாரும் வருந்தவில்லை. மூச்சுச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் வீணைக்கு என்ன வேலை.

பிறகு அந்த மருத்துவமனைக் குழுவினர் வீட்டுக்குப் போன நோயாளிகளோடு வாட்ஸப்பில் பேசத் தொடங்கினார்கள். அங்கே எனக்குப் புதிய பாடம். ஒருவருக்கு, “நேத்து சொன்ன மாதிரி செஞ்சீங்க” என்று அனுப்பினேன். கேள்வியாகத்தான் கேட்டேன், கடைசியில் கேள்விக்குறி போட மறந்துவிட்டேன். பாராட்டு என்று நினைத்து அவர் கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் ஒருவாரமாக இன்ஹேலரைத் தொடவே இல்லை.

நாம் எழுதும்போது மனதுக்குள் நம் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. படிக்கிறவருக்கும் அதுவே கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் உடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் கிண்டலாகவும் நிஜமாகவும் எழுதிய வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். பெறுகிறவர் 78 சதவீதம் சரியாகப் பிரித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது 56. பூவா தலையா போட்டாலே 50 வரும். அதையே குரலில் சொன்னபோது 73 வந்தது.

ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். வேறு மொழிகளில் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும் பலவற்றை நாம் சொல்லோடு ஒட்டிவைக்க முடியும். ‘செஞ்சீங்களா’ என்றால் கேள்விக்குறியே வேண்டாம். ‘நீங்களா செஞ்சீங்க’, ‘நேத்தா செஞ்சீங்க’, ‘நீங்கதானே செஞ்சீங்க’, ‘செஞ்சீங்களோ என்னவோ’ என்று ஆ, ஏ, ஓ, தான் எங்கே ஒட்டுகிறதோ அங்கே அழுத்தம் தானாக விழுகிறது. குறுஞ்செய்தியில் அவசரத்துக்கு இவற்றைத்தான் முதலில் வெட்டுகிறோம், பிறகு அந்த ஓட்டையை எமோஜி வைத்து அடைக்கிறோம். நான் இப்போது ஒற்றைச் ‘சரி’ அனுப்புவதில்லை. ‘சரிங்க’, ‘சரிதான்’, ‘சரி, பார்க்கிறேன்’ என்று ஏதாவது ஒன்று. வெறும் ‘சரி’யை எந்தக் குரலில் படிப்பது என்பது வாங்குகிறவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. கோபமோ, வருத்தமோ, கெட்ட செய்தியோ என்றால் எழுதாமல் போன் செய்துவிடுகிறேன். மருந்தின் பெயர், அளவு, நேரம் என்றால் போனில் சொன்ன பிறகும் எழுதி அனுப்புகிறேன். போனில் ‘காலை’யும் ‘மாலை’யும் ஒன்றுபோலக் கேட்டு ஏற்பட்ட குழப்பத்தை ஒருமுறை பார்த்ததே போதும்.

தாள் கடைசியில் ஐந்து படங்களில் முடிந்தது. கறுப்பு வெள்ளையில் மட்டும், அம்புகளுக்குப் பெரிய தலை. ஜெராக்ஸின் ஜெராக்ஸையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ‘வெளியே’, ‘உள்ளே’ என்று அம்பின் மேலேயே எழுத்து. தாளின் மூலையில் வீடியோவுக்கு ஒரு க்யூஆர் கட்டம்.

முதலில் ஊதிய அந்த அம்மாவிடம் சில வாரங்கள் கழித்துப் போனில் பேசினேன். சரியாகச் செய்கிறாரா என்று தெரிய வேண்டும், அவரிடமோ வீடியோ வராத பழைய போன். எனக்கு அவர் முகமும் தெரியாது, கையும் தெரியாது. சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார்: சத்தத்தின் வரிசையைக் கேளுங்கள். முதலில் ‘புஸ்’, பிறகு மூச்சு என்றால் தவறு. மூச்சு தொடங்கி, அதற்குள்ளே ‘புஸ்’ கேட்டால் சரி.

“அம்மா, போனைப் பக்கத்துல வெச்சுட்டு, எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க. நான் கேட்டுட்டே இருக்கேன்.”

குலுக்கும் சத்தம். மூச்சு வெளியே போகும் சத்தம். ஒரு சின்ன இடைவெளி. பிறகு மெல்லிய இழுப்பு தொடங்கியது, அதற்கு நடுவே ‘புஸ்’. இழுப்பு நிற்காமல் தொடர்ந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. இந்தப் பக்கம் நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது விரலை மடக்கும்போது அவர் மூச்சை விட்டார்.

“பத்து வரல தம்பி” என்றார். “எட்டுதான் வந்துச்சு.”